‘இல்லை’ என்ற பதிலையும் பதிவு செய்யுங்கள்: நூலகச் சேவையை அளந்து திருத்தும் முறை

மாலை ஐந்தரை மணிக்குப் பள்ளிச் சீருடையோடு ஒரு மாணவி கிளை நூலகத்துக்கு வந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு, தமக்கு வேண்டிய நூலின் பெயரைச் சொல்கிறார். நூலகர் தலையை நிமிர்த்தி, “அது இல்லையேம்மா” என்கிறார். மாணவி அலமாரிகளை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார். மாத இறுதியில் மாவட்ட நூலக அலுவலகத்துக்குச் செல்லும் அறிக்கையில் அவர் ஒரு ‘வாசகர் வருகை’யாக எண்ணப்பட்டிருப்பார், அவர் வெறுங்கையோடு போனார் என்பது எங்கும் எழுதப்பட்டிருக்காது.

தமிழ்நாட்டுப் பொது நூலகங்களில் பதிவேடுகளுக்குப் பஞ்சமில்லை. வருகை, இரவல், உறுப்பினர் சேர்க்கை, நாளிதழ், நன்கொடை என ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏடு உண்டு. ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை மேலிடத்துக்குக் கணக்குக் காட்டுவதற்காக எழுதப்படுபவை. நூலகத்தைத் திருத்துவதற்காக எழுதப்படுபவை அல்ல. இருக்கும் ஏடுகளைக் கொண்டும், புதிதாக ஒரே ஓர் ஏட்டைச் சேர்த்தும், வாசகரிடம் சரியான கேள்விகளைக் கேட்டும், ஒரு கிளை நூலகர் தம் சேவையை எப்படி மதிப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்பதை இங்கே விளக்குகிறேன். கணினி இருந்தால் வேலை எளிது; இல்லையென்றாலும் நடக்கும்.

எண்ணுவதற்கு முன்

ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: “இதை அறிந்தால் நான் இன்னதை மாற்றுவேன்.” இந்த வாக்கியத்தை நிறைவு செய்ய முடியாத எந்தக் கணக்கையும் எடுக்க வேண்டாம். நூலகம் திறக்கும் நேரம், கட்டடம், பணியிடங்கள் ஆகியவை கிளை நூலகரின் கையில் இல்லை. அலமாரிகளின் ஒழுங்கு, இருக்கைகளின் அமைப்பு, சிறுவர் பகுதி, கொள்முதலுக்கான பரிந்துரை, மேசையில் யார் எந்த நேரத்தில் இருப்பது ஆகியவை பெருமளவு அவர் கையில் இருப்பவை. முதல் ஆண்டில் இவற்றிலிருந்தே தொடங்குவது நல்லது. கையில் இல்லாதவற்றைப் பற்றியும் வாசகரிடம் கேட்கலாம். ஆனால் அந்தப் பதில்களை எழுத்து வடிவில் மேலிடத்துக்கு அனுப்பும் உறுதி இருந்தால் மட்டுமே கேட்க வேண்டும்.

எதை அளப்பது என்ற குழப்பம் வந்தால், சீர்காழியில் பிறந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளையே எடுத்துக்கொள்ளலாம். அவர் அடிப்படையில் கணித ஆசிரியர் என்பதாலோ என்னவோ, அவற்றுள் மூன்று விதிகள் அப்படியே அளவுகோல்களாக மாறிவிடுகின்றன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்றால், கேட்டவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது? ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்றால், இருப்பிலுள்ள நூல்களில் எத்தனை இந்த ஆண்டில் அலமாரியை விட்டு அசைந்தன? வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்றால், கேட்டதிலிருந்து கையில் கிடைக்கும்வரை எத்தனை நிமிடங்கள் ஆயின? நூலகச் செயல்திறனுக்கென ஐஎஸ்ஓ 11620 என்ற பன்னாட்டுத் தரநிலையே இருக்கிறது. அதில் குறிகாட்டிகள் ஏராளம். ஒரு கிளை நூலகத்துக்கு இந்த மூன்றும் போதும்.

பதிவேடு சொல்வதும் சொல்லாததும்

வருகைப் பதிவேட்டை அப்படியே நம்ப வேண்டாம். காலையில் நாளிதழ் படிக்க வரும் பெரியவர்கள் பலர் கையெழுத்திடுவதில்லை. சிறுவர்கள் வராத நண்பனுக்கும் சேர்த்து எழுதுவார்கள். இதற்கு மாற்று மணிக்கொரு தலைக்கணக்கு. ஆண்டில் நான்கு வாரங்களைத் தேர்ந்தெடுங்கள்: பள்ளித் தேர்வுக்காலம், கோடை விடுமுறை, மழைக்காலம், எந்தச் சிறப்பும் இல்லாத ஒரு வாரம். அந்த வாரங்களில் நூலகம் திறந்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்து, எந்தப் பகுதியில் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், சிறுவர் எத்தனை பேர் என்று கோடு போட்டு எண்ணுங்கள். ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம் ஆகும். ஆண்டு முழுவதும் அரைகுறையாக எழுதிய பதிவேட்டைவிட, நான்கு வாரம் ஒழுங்காக எண்ணிய தாள் அதிகம் சொல்லும்.

இரவல் கணக்கில் மொத்த எண்ணிக்கையால் பயன் குறைவு. பிரிவுவாரியாகப் பிரித்து, ஓராண்டில் இரவல் போன எண்ணிக்கையை அந்தப் பிரிவின் நூலிருப்பால் வகுத்துப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 400 நாவல்கள் ஆண்டில் 800 முறை இரவல் போயிருந்தால் சுழற்சி 2. பொருளாதாரத்தில் 300 நூல்கள் 30 முறை மட்டுமே போயிருந்தால் சுழற்சி 0.1. முதல் பிரிவுக்கு நல்ல தேவை இருக்கிறது. இரண்டாவதில் ஏதோ சரியில்லை. என்ன சரியில்லை என்பதை எண் சொல்லாது. நூல்கள் பழையனவாக இருக்கலாம், மேல்தட்டில் எட்டாமல் இருக்கலாம், அல்லது வாசகர் அவற்றை அங்கேயே அமர்ந்து படித்துவிட்டுப் போகலாம்.

இந்தக் கடைசி வாய்ப்பைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். “படித்த நூலை அலமாரியில் திரும்ப வைக்க வேண்டாம், மேசையிலேயே விட்டுவிடுங்கள்” என்று ஓர் அறிவிப்பு ஒட்டி, மாலையில் மேசைகளிலிருந்து எடுக்கும் நூல்களைப் பிரிவுவாரியாக எண்ணிய பிறகு அடுக்குங்கள். கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள் உள்ள நூலகங்களில் இதற்கெனப் புள்ளிவிவர உறுப்பினர் என்ற ஒரு கணக்கை உருவாக்கி, மேசையில் கிடந்த நூல்களை அதன்கீழ்ப் பதிவு செய்யும் வசதியே உண்டு. மென்பொருள் இல்லாத இடத்தில் ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் போதும்.

அசையாத நூல்களைப் பற்றி வெட்கப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் நடந்து 1979-இல் வெளிவந்த ஆய்வு, 1969-இல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு அடுத்த ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்று கண்டது. அங்கேயே அப்படி என்றால் நம் நிலையில் வியப்பு இல்லை. நூலின் பின்பக்கத் தாளில் கடைசியாகக் குத்தப்பட்ட தேதி முத்திரையைப் பார்த்தாலே ஒரு தட்டின் நாடியைப் பிடித்துவிடலாம். ஆனால் உள்ளூர் வரலாறு, அகராதிகள், மறுபதிப்பு காணாத பழைய நூல்கள் ஆகியவற்றை இந்த அளவுகோலால் எடைபோடக் கூடாது. பத்தாண்டுக்கு ஒருமுறை தேவைப்படும் நூலும் தேவையான நூலே.

‘இல்லை’ ஏடு

புதிதாகத் தொடங்கச் சொன்ன ஏடு இதுதான். நூறு பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று. ஐந்து கட்டங்கள்: தேதி, கேட்டது என்ன, நம் இருப்பில் உண்டா, கிடைக்காத காரணம், பின்னர் நடந்தது. வாசகர் ஒருவருக்கு “இல்லை” என்ற பதிலைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுத வேண்டும். நூல் மட்டுமல்ல, “நகல் எடுக்க முடியுமா?”, “கைப்பேசிக்கு மின்னேற்ற இடம் உண்டா?”, “பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வரலாமா?” என்ற கேள்விகளுக்கு “இல்லை” என்றால் அவையும் வரும். கேட்டவரின் சொல்லிலேயே எழுதுங்கள். “மாடித் தோட்டம் போடுவது பற்றி ஏதாவது” என்று கேட்டதை “வேளாண்மை” என்று சுருக்கினால், அந்த வரியின் பயன் போய்விடும்.

நான்காவது கட்டம்தான் ஏட்டின் உயிர். நூல் கிடைக்காமல் போவதற்குக் காரணங்கள் மூன்று வகைப்படும். நூலகம் அதை வாங்கவே இல்லை. வாங்கியிருக்கிறது, ஆனால் வேறொருவர் எடுத்துப் போயிருக்கிறார். நூலகத்தில்தான் இருக்கிறது, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மூன்றுக்கும் வாசகர் கேட்கும் சொல் ஒன்றே, மருந்துகளோ வெவ்வேறு. முதலாவதற்குக் கொள்முதல் பரிந்துரை, இரண்டாவதற்குக் கூடுதல் படி அல்லது முன்பதிவு, மூன்றாவதற்குத் தினமும் அரைமணி நேரம் அலமாரி ஒழுங்கு செய்வது. இரண்டு மாதம் எழுதிப் பார்க்கும் நூலகர் பெரும்பாலும் எதிர்பார்ப்பது, முதல் காரணமே நிறைந்திருக்கும் என்பது. நான் எழுதிப் பார்த்தபோது மூன்றாவது காரணத்தின் வரிகள் நீண்டுகொண்டே போயின. நிதி இல்லை என்று அதுவரை மேலிடத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அது கொஞ்சம் உறைத்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கூட்ட நேரத்தில் எழுத மறந்துவிடும். ஆகவே ஆண்டு முழுவதும் எழுத முயல வேண்டாம். தலைக்கணக்கு எடுக்கும் அதே நான்கு வாரங்களில் மட்டும் ஒரு வரியும் விடாமல் எழுதினால் போதும். அந்த வாரங்களில் “கிடைத்தது” என்பதையும் கோடு போட்டு எண்ணினால், கேட்டவர்களில் எத்தனை விழுக்காட்டினர் நிறைவோடு போனார்கள் என்பதும் கைக்கு வந்துவிடும்.

வாசகரிடம் கேட்பது

“நூலகச் சேவை எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் நம் ஊரில் பதில் ஒன்றுதான்: “நல்லா இருக்கு சார்.” எதிரே நூலகர் நிற்கும்போது குறை சொல்வது மரியாதை இல்லை என்பது நம் வளர்ப்பு. கருத்துப் பதிவேட்டைப் புரட்டினால், “மிக்க நன்று”, “தொடரட்டும் தங்கள் பணி” என்ற வாழ்த்துகளே பக்கம் பக்கமாக இருக்கும். அவை மகிழ்ச்சி தரும், வேலைக்கு உதவா.

ஆகவே கருத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். கால்பக்கத் துண்டுச்சீட்டில் மூன்று கேள்விகள்: “இன்று எதற்காக வந்தீர்கள்? அது கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றால் என்ன செய்தீர்கள்?” பெயர் கேட்க வேண்டாம். சீட்டைப் போட வாயிலருகே ஒரு பெட்டி இருக்கட்டும்; அது நூலகரின் பார்வையில் படாத இடத்தில் இருக்கட்டும். ஒரே கேள்வியில் இரண்டை அடைக்காதீர்கள்: “இருக்கையும் வெளிச்சமும் போதுமானவையா?” என்பதற்கு “இல்லை” என்று பதில் வந்தால், நாற்காலி வாங்குவதா, விளக்கு மாட்டுவதா? அதேபோல் “சிறந்த எங்கள் சிறுவர் பகுதியை நீங்கள் பயன்படுத்துகிறீர்களா?” என்பதில் பதிலை நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அச்சிடுவதற்கு முன் ஐந்து பேரிடம் கொடுத்து, கேள்வியை அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

எழுதத் தயங்குபவர்களிடம் வாய்மொழியாகக் கேட்க வேண்டும். கேட்பவர் நூலகராக இல்லாமல், வாசகர் வட்ட உறுப்பினராகவோ கல்லூரி மாணவராகவோ இருப்பது நல்லது. பெண் வாசகர்களிடம் பெண்களே பேசினால்தான் கழிப்பறை, தெருவிளக்கு, உற்றுப் பார்ப்பவர்கள் பற்றிய பேச்சு வெளியே வரும். நூலகத்துக்கு வராதவர்களிடமும் கேட்க வேண்டும். அவர்கள் நூலகத்தில் கிடைக்கமாட்டார்கள் என்பது சொல்லாமலே விளங்கும். பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாய்மார்கள், நியாயவிலைக் கடை வரிசை, தேநீர்க் கடை பெஞ்சு ஆகிய இடங்களில் கிடைப்பார்கள். இருபது பேரிடம் பொறுமையாகப் பேசினால் போதும்.

இரண்டையும் சேர்த்துப் படிப்பது

எண்ணும் சொல்லும் முரண்படும் இடத்தில்தான் செய்தி இருக்கிறது. வருகை ஏறிக்கொண்டே போகிறது, இரவல் இறங்கிக்கொண்டே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வருகையை மட்டும் பார்ப்பவர் நூலகம் செழிக்கிறது என்பார். இரவலை மட்டும் பார்ப்பவர் வாசிப்பு அழிகிறது என்பார். காலை பத்து மணிக்கு மேசையருகே போய் நின்று பாருங்கள்: அரசுப் பணிக்கான தொகுதித் (குரூப்) தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், சொந்தமாகக் கொண்டுவந்த வழிகாட்டி நூல்களையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்து, மாலைவரை அசையாமல் இருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது நம் நூல்கள் அல்ல. அமைதி, மேசை, மின்விசிறி, மின்னேற்ற வசதி. அதே மேசையில் இடமில்லாமல் நாளிதழை நின்றபடி படித்துவிட்டுப் போகும் முதியவர் எந்தக் கணக்கிலும் இல்லை. தலைக்கணக்குத் தாளில் ‘நிற்பவர்கள்’ என்ற கட்டத்தைச் சேர்க்கச் சொன்னது இதற்காகவே. இருசாராரையும் பிரித்து உட்கார வைப்பதற்கு நிதி வேண்டாம். நாளிதழ் மேசையைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தினால் பல இடங்களில் தீர்ந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மாற்றிய தேதியைக் குறித்துவைத்து, மறுபடி எண்ணுங்கள். ஒப்பிடும்போது ஏப்ரலை மார்ச்சோடு ஒப்பிடாமல் சென்ற ஆண்டு ஏப்ரலோடு ஒப்பிட வேண்டும். இல்லையேல் பள்ளி விடுமுறையால் வந்த கூட்டத்தை நம் சாதனையாக எழுதிவிடுவோம்.

யார் எந்த நூலை எடுத்தார் என்ற விவரம் இந்த மதிப்பீட்டுக்குத் தேவையே இல்லை. வேண்டியது எண்ணிக்கை மட்டுமே. கணினியிலிருந்து அறிக்கை எடுக்கும்போது பெயரும் கைப்பேசி எண்ணும் உள்ள பத்திகளை நீக்கிவிட்டு எடுங்கள். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களுக்குப் பெற்றோர் இசைவைக் கேட்கிறது. சிறுவர்களிடம் பெயர் வாங்காமல் இருப்பதே நல்லது.

முடிவுகளை மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு பக்கத்தில் அனுப்புங்கள்: கண்டது, செய்தது, தங்களிடம் வேண்டுவது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டும் ஊராருக்கும் இது தெரிய வேண்டும். அறிவிப்புப் பலகையில் மூன்று பத்திகள் போதும்: கேட்டது, நடந்தது, நடக்காததற்குக் காரணம். மூன்றாவது பத்தியை எழுதத்தான் கை தயங்கும். ஆனால் “இரண்டாவது கழிப்பறைக்கு மார்ச் மாதம் கடிதம் அனுப்பினோம், பதில் வரவில்லை” என்று எழுதியிருப்பதைப் படித்தவர்தான் அடுத்த முறை துண்டுச்சீட்டில் உண்மையை எழுதுவார்.

‘இல்லை’ ஏட்டின் ஐந்தாவது கட்டம் பாக்கி இருக்கிறது. நூல் வந்ததும் தெரிவிக்க வேண்டும் என்று கேட்பவரின் உறுப்பினர் எண்ணை மட்டும் அங்கே குறித்துக்கொள்ளுங்கள். அந்த மாணவி அடுத்த முறை நூலைத் திருப்பித் தர வரும்போது, “நீ கேட்டது வந்துவிட்டதம்மா” என்று எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்த வரியின்மீது ஒரு கோடு போட்டுத் தேதியை எழுதுங்கள், எண்ணை அடித்துவிடுங்கள்.