பதினொன்றாம் வகுப்பு குரூப்: வழிகாட்டும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மே மாதம் எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை. பக்கத்து மேஜையில் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர். ஒரு பையன் மார்க் ஷீட்டை நீட்டினான். கணக்கில் 51. "உனக்குக் கணக்கு செட் ஆகாதுப்பா, ப்யூர் சயின்ஸ் போட்டுக்கோ" என்று சொல்லிக்கொண்டே, கணக்குப் பாடமே இல்லாத அந்த குரூப்பை விண்ணப்பத்தில் எழுதியும் விட்டார். மொத்தம் ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். எனக்குச் சுருக்கென்றது. பத்து வருடத்துக்கு முன்னால் இதே வாக்கியத்தை இதே ஹாலில் சொன்னவன் நான்.

உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பு முதல்முறை தலையில் விழுந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளையிடம் அன்பாகப் பேசுங்கள், பெற்றோரைக் கடிந்துகொள்ளாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

மார்க்கைப் பார்த்து குரூப் கொடுப்பது

450க்கு மேல் பயோ-மேத்ஸ், அடுத்து கம்ப்யூட்டர் சயின்ஸ், அதற்கும் கீழே ப்யூர் சயின்ஸ், காமர்ஸ், மிச்சம் இருப்பவர்கள் தொழிற்பிரிவு. குரூப் என்பது ஏதோ பரிசு மாதிரி மேலிருந்து கீழே பங்கு போடுகிறோம். அந்த நாலு பாடத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் கழித்து எந்த வாசலில் போய் நிற்க முடியும் என்று யாரும் பார்ப்பதில்லை.

என்னிடம் வந்தவள் ஒரு மேஸ்திரியின் மகள். பத்தாம் வகுப்பில் கணக்கு 54, அறிவியல் நன்றாகவே இருந்தது. ப்யூர் சயின்ஸ் என்றேன். "சார் சொன்னா சரி" என்று அப்பா கையெழுத்துப் போட்டார். பிளஸ் டூ பாதியில் ஒரு நாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் தயங்கி நின்றாள். கையில் பத்தாம் வகுப்பு ரஃப் நோட்டு. அதன் பின்பக்கங்களில் அவர்களுடைய ஒன்றரை சென்ட் வீட்டின் பிளான். மாடி எடுத்தால் படிக்கட்டு எங்கே வரும், ஒரு படி ஆறங்குல உயரம், மிதி பத்தங்குலம் என்று பென்சிலால் குறித்திருந்தாள். "பி.ஆர்க் சேரணும் சார், அதுக்கு என்ன பண்ணணும்?"

ஒன்றும் பண்ண முடியாது. கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க்குக்குப் பிளஸ் டூவில் கணக்கு வேண்டும். அவள் படித்துக்கொண்டிருந்தது இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். சரி, பி.இ. சிவில்? பொறியியல் கட்-ஆஃப் 200 என்பது கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணக்கே இல்லாதவளுக்கு ஏது ரேங்க்?

அந்த நோட்டு நான் குரூப் எழுதிக் கொடுத்த அன்றும் அவள் பையில்தான் இருந்திருக்கும். நான் கேட்கவில்லை. அவள் அப்பா திட்டியிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும். "நல்லதுக்குத்தான சார் சொன்னீங்க" என்றார்.

கடைசியில் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முதலாண்டு சேர்ந்தாள், பத்தாம் வகுப்பு முடித்த கையோடு வந்த பிள்ளைகளோடு பிள்ளையாக. டிப்ளமோவுக்குப் பிறகு பி.இ. நேரடி இரண்டாமாண்டு. நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அந்த இரண்டு வருடம் என் கணக்கில்தான் இருக்கிறது.

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது வேறு. அந்த யோசனையை நான் அவளுக்காகச் சொல்லவில்லை. கணக்கில் நாலு பேர் போய்விட்டால் பள்ளியின் தேர்ச்சி சதவீதம் இறங்கும், மீட்டிங்கில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். என் பயத்துக்கு ‘உனக்குக் கணக்கு வராது’ என்று பெயர் வைத்தேன். இன்றும் சேர்க்கை மேஜைகளில் இது நடக்கிறது.

அதனால் இப்போது பின்னாலிருந்து வருகிறேன். போக நினைக்கும் மூன்று படிப்புகளைப் பிள்ளையையே எழுதச் சொல்வது. எதிரே, அதற்குப் பிளஸ் டூவில் என்ன பாடம் கேட்கிறார்கள் என்று எழுதுவது. என்டிஏ எனும் தேசிய ராணுவ அகாடமியில் ராணுவப் பிரிவுக்கு எந்த குரூப்பும் போதும். விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியலும் வேதியியலும் கணக்கும் கட்டாயம். ஐந்தாண்டு சட்டப் படிப்பு எல்லா குரூப்புக்கும் திறந்திருக்கிறது. சி.ஏ.வுக்கும் குரூப் தடையில்லை, ஆனால் அதன் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷனில் கணக்குத் தாள் ஒன்று உண்டு. காமர்ஸ் எடுத்தால் கணக்கிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைப்பவர்களிடம் இதை முதலிலேயே சொல்லுங்கள்.

எதையும் முடிவு செய்யாத பிள்ளை என்றால், அறிவியல் பக்கம் போகும்பட்சத்தில் கணக்கை விடச் சொல்லாதீர்கள். பயோ-மேத்ஸ் எடுத்தவன் நீட்டும் எழுதலாம், பொறியியலுக்கும் போகலாம். கணக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே வயிறு வலிக்கும் பிள்ளையும் உண்டு, அதைப் பிடித்து அமுக்க வேண்டாம். 51 எடுத்த எல்லோரும் அந்த ரகம் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

"எதுக்கு சார் ஸ்கோப்?"

நாலு வருடம் கழித்து எதற்கு என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி பேசாதீர்கள்.

பதினொன்றாம் வகுப்புக்குத் தனியார் பள்ளி

கடன் வாங்கியாவது இரண்டு வருடம் விடுதிப் பள்ளியில் போடுவோம் என்று வருகிற பெற்றோரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 7.5 சதவீதம் பற்றித் தெரியுமா? மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியலில் 2021 முதலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான உள் ஒதுக்கீடு இது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கடைசி இரண்டு வருடம் மாறினால் முந்தைய ஐந்து வருடமும் செல்லாது. பெண் பிள்ளை என்றால் கல்லூரியில் மாதா மாதம் வரும் புதுமைப் பெண் திட்டத்தின் 1000 ரூபாயும் கூடவே போகும். சொல்லிவிட்டு முடிவை அவர்களிடம் விடுங்கள். நிறையப் பேர் அந்த இடத்திலேயே டி.சி. விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள்.

சாய்ஸ் ஃபில்லிங்

பொறியியல் கவுன்சிலிங்கில் வேண்டிய கல்லூரிகளை வரிசையாகப் பதியும்போது, பத்துக் கல்லூரி போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். பட்டியல் நீண்டால் காசு கேட்பதில்லை. வரிசை மட்டும் பிள்ளையின் விருப்பப்படி இருக்கட்டும். போன வருட கட்-ஆஃப் வரிசைப்படி அடுக்கிவிட்டு, பிடிக்காத கல்லூரி கிடைத்தது என்று ஜூலையில் என்னிடம் அழுதவர்கள் உண்டு.

முதல் பட்டதாரிச் சான்றிதழ்

குடும்பத்திலேயே முதலில் பட்டம் படிக்கப் போகும் பிள்ளைக்கான இந்தச் சான்றிதழுக்காக, கவுன்சிலிங் தேதி வந்தபிறகு இ-சேவை மையத்துக்கு ஓடாதீர்கள்.