ஞானஸ்நானம் எடுத்தால்தான் இரட்சிப்பா? இந்தப் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"முழுக்கு எடுத்தாச்சா?", அதாவது ஞானஸ்நானம் ஆயிற்றா, என்று ஒருவர் கேட்டாலே அவர் எந்தச் சபைக்காரர் என்று பாதி தெரிந்துவிடும். "எனக்குத்தான் மூன்று மாசக் குழந்தையிலேயே கொடுத்தாச்சே" என்பார் சிஎஸ்ஐக்காரர், வளர்ந்து விசுவாசித்த பிறகு தண்ணீரில் மூழ்கி எடுப்பதுதான் முழுக்கு என்று நம்புகிற பெந்தெகொஸ்தே சித்தப்பா அதைக் கேட்டுச் சிரிப்பார், அப்புறம் கல்யாண வீட்டுப் பந்தியில் இலை காய்கிற வரைக்கும் வசனம் பறக்கும். பேசட்டும், தப்பில்லை. ஆனால் இரண்டு பக்கமும் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் சில இருக்கின்றன.

ஒற்றை வசனத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதுதான் பெரிய தவறு. "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்", மாற்கு 16:16. சரி, அடுத்த பாதியையும் வாசியுங்கள். "விசுவாசியாதவனோ" ஆக்கினைக்குள்ளாவான் என்றுதான் இருக்கிறது, ஞானஸ்நானம் பெறாதவன் என்று இல்லை. அதுவும் போக, மாற்கு 16-இன் 9 முதல் 20 வரையிலான வசனங்கள் நான்காம் நூற்றாண்டின் முக்கியமான இரண்டு கிரேக்க வேதாகமக் கையெழுத்துப் பிரதிகளிலும், சினாயிட்டிக்கஸிலும் வாட்டிகானஸிலும், கிடையாது. ஒரு முழு உபதேசத்தையும் அந்த ஒரு வசனத்தின் மேல் கட்டக் கூடாது.

ஞானஸ்நானம் அவசியமில்லை என்கிற எதிர்ப்பக்கத்துக்காரர்கள், இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளனைக் கூட்டி வருவார்கள். அவன் ஞானஸ்நானம் எடுக்காமலே பரதீசுக்குப் போனான், உண்மைதான். தண்ணீர் இல்லாமலும் தேவன் இரட்சிக்க முடியும் என்பதற்கு அவன் சாட்சி. ஆனால் அவனை ஆணி அடித்து வைத்திருந்தார்கள். நமக்கு என்ன தடை?

அரைகுறை கிரேக்கம் இன்னொரு வம்பு. அப்போஸ்தலர் 2:38-இல் "பாவமன்னிப்புக்கென்று" என வருகிற இடத்தில் மூலத்தில் 'எய்ஸ்' என்ற சொல் இருக்கிறது, அதற்கு "மன்னிப்பு ஏற்கனவே கிடைத்துவிட்டதால்" என்று அர்த்தம் சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் மத்தேயு 26:28-இல் இயேசு தம் இரத்தம் "பாவமன்னிப்புண்டாகும்படி" சிந்தப்படுகிறது என்கிறாரே, அங்கேயும் மூலத்தில் அதே சொற்றொடர்தான். அங்கே மன்னிப்பு கிடைத்துவிட்டதால் இரத்தம் சிந்தினார் என்று யாராவது சொல்வார்களா? தண்ணீரால் இரட்சிப்பு இல்லை என்றுதான் நானும் நம்புகிறேன், ஆனால் அதற்கு இந்த வாதம் உதவாது. ஞானஸ்நானம் கொடுக்கக் கிறிஸ்து என்னை அனுப்பவில்லை என்று பவுல் 1 கொரிந்தியரில் சொன்னதும் அதற்கு உதவாது. அங்கே அவர் கோஷ்டிச் சண்டையைத் தீர்க்கப் பார்க்கிறார்.

என்னைக் கேட்டால், முதலில் அப்போஸ்தலர் 8-ஐயும் 10-ஐயும் சேர்த்து வாசிக்க வேண்டும். மாயவித்தைக்கார சீமோன் விசுவாசித்தான், ஞானஸ்நானமும் பெற்றான், அப்புறம் பரிசுத்த ஆவியைக் கொடுக்கிற அதிகாரத்தை விலைக்கு வாங்கப் பணத்தை நீட்டினான். "உன் இருதயம் செம்மையாயிருக்கவில்லை" என்று பேதுரு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஆள் நனைந்தான், அவ்வளவுதான். ரோமப் படையில் நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியு வீட்டிலோ தண்ணீருக்கு முன்பே பரிசுத்த ஆவி இறங்கிவிட்டார். அதற்காக இனிமேல் முழுக்கு எதற்கு என்று பேதுரு விட்டுவிடவில்லை, "எவனாகிலும் தண்ணீரை விலக்கலாமா" என்று கேட்டு உடனே கொடுக்கச் சொன்னார்.

அடுத்த சபை என்ன சொல்கிறது என்று தெரியாமல் திட்டுவதும் நடக்கிறது. தண்ணீர் படாதவன் எல்லாம் நரகம் என்று கத்தோலிக்கத் திருச்சபை சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். திருமுழுக்கு அவசியம் என்று அது சொல்வது உண்மைதான், ஆனால் கடவுள் தம் அருட்சாதனங்களுக்கு, அதாவது திருமுழுக்கு போன்ற சடங்குகளுக்கு, கட்டுப்பட்டவர் அல்ல என்றும் அதன் மறைக்கல்வி நூலிலேயே இருக்கிறது. இது பழைய விஷயம். 392-இல் ரோமப் பேரரசர் இரண்டாம் வலந்தீனியன் திருமுழுக்குப் பெறாமலே இறந்தபோது, அவர் ஆசைப்பட்டுக் கேட்டதே போதும் என்று மிலான் ஆயர் அம்புரோஸ் அடக்க உரையில் சொன்னார். லூத்தரன்களின் 1530 ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும் அவசியம் என்றுதான் சொல்கிறது. இந்தப் பக்கம் பார்த்தால் இரட்சணிய சேனை 1883-லிருந்து ஞானஸ்நானமே கொடுப்பதில்லை. நாகர்கோவில் பக்கம் தலைமுறை தலைமுறையாக அந்தச் சபையில் வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் நீங்கள் இரட்சிக்கப்படவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடுவதை மட்டும் யாரும் தவறாகவே எண்ணுவதில்லை. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 337-இல் மரணப்படுக்கையில்தான் எடுத்தார். பழைய பாவம் எல்லாம் மொத்தமாகக் கழுவப்படும், அதற்கப்புறம் செய்தால் சிக்கல் என்ற கணக்கில் அந்தக் காலத்தில் பலர் அப்படிக் காத்திருந்தார்கள். இப்போது வெளிநாட்டிலிருந்து அண்ணன் வரட்டும், பரீட்சை முடியட்டும் என்கிறோம். பிலிப்பியில் சிறைச்சாலைக்காரன் நடுராத்திரியில், பூமியதிர்ச்சி நடந்த கையோடு, பவுல் சீலாவின் காயங்களைக் கழுவிவிட்டு அந்நேரமே குடும்பத்தோடு எடுத்தான்.

கடைசியாக, சாவு வீடு. ஒரு வீட்டில் ஃப்ரீசர் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளிடம் ஒருவர் வந்து, "அம்மா முழுக்கு எடுக்காமலே போயிட்டாங்களே" என்றார். அந்த அம்மா கேட்டுக்கொண்டேதான் இருந்தார், சபையில்தான் அடுத்த ஈஸ்டர் என்று சொல்லியிருந்தார்கள். மகள் ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய் பீரோவிலிருந்து அம்மா அதற்காக எடுத்துவைத்திருந்த வெள்ளைச் சேலையைக் கொண்டுவந்து உடுத்தச் சொன்னாள்.