அலையாத்தித் தரை உயர்கிறதா, அமிழ்கிறதா? ஆர்-செட் கம்பி நட்டு அளப்பது எப்படி

2006 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக ஆண்டுக்கு 3.7 மி.மீ. ஏறியது. பிச்சாவரமோ முத்துப்பேட்டையோ, அலையாத்திக் காடு தப்பிக்க வேண்டுமானால் அதன் தரையும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் உயர வேண்டும். ஜி.பி.எஸ். கருவியின் பிழையே செ.மீ. கணக்கில் வரும் என்பதால் இந்த மி.மீ. வேலைக்கு அது உதவாது. அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் கஹூன் குழு 2002இல் வெளியிட்ட ஆர்-செட் (RSET, Rod Surface Elevation Table) முறைதான் சரி: ஆழமாக நட்ட கம்பியை அசையாப் புள்ளியாக வைத்து, தரை அதிலிருந்து எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்று அளப்பது.

1. கம்பி. 1.2 மீட்டர் நீள எவர்சில்வர் கம்பிகளை ஒன்றோடொன்று திருகி, இனி இறங்காது என்கிற வரை அடியுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் இறுக்கிவிட்டே அடுத்த அடி. மேல்முனையைச் சுற்றி 15 செ.மீ. பி.வி.சி. குழாயை இறக்கி சிமென்ட் நிரப்புங்கள். அளவுக்கையை (ஊசிகளை இறக்கும் கிடைச்சட்டம்) பொருத்தும் தலைப்பாகம் இதில்தான் நிற்கும்.

2. பலகை. அளக்கும் இடத்தில் ஒரு கால்தடம் பதிந்தாலும் அந்த எண்கள் வீண். முட்டுக்கொடுத்த பலகைமேல் நின்றுதான் வேலை. நட்டபோது கலங்கிய சேறு அடங்க ஒரு மாதமாவது விட்டு முதல் அளவை எடுங்கள்.

3. வெள்ளைப் பொடி. இதன்மேல் பின்னர் படியும் வண்டலின் கனத்தை அளக்கவே இது. பீங்கான் தொழிலுக்கு விற்கும் ஃபெல்ஸ்பார் பொடியை 50×50 செ.மீ. சதுரத்தில் 1 செ.மீ. கனத்துக்குத் தூவுங்கள், சதுரத்துக்கு மூன்று கிலோ போலப் பிடிக்கும். வற்றத்தில் நீர் வடிந்ததும் தூவினால் ஓதம் திரும்புவதற்குள் படிந்துவிடும். ஒரு கம்பிக்கு மூன்று சதுரமாவது போடுங்கள். ஒன்றை நண்டு கிளறிவிடும்.

4. ஊசி இறக்குவது. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். அளவுக்கையை ரசமட்டம் வைத்துச் சமன் செய்து, நான்கு திசையில் ஒன்பது ஒன்பதாக 36 ஊசி இறக்க வேண்டும். திசைகளை முதல் நாளே குறித்து வைத்து, என்றும் அதையே பின்பற்றுங்கள். ஊசி தரையைத் தொட வேண்டும், குத்தக் கூடாது. கொழகொழச் சேற்றில் பிடியை விட்டால் ஊசி தன் எடையிலேயே அரை செ.மீ. இறங்கிவிடும், அது ஓராண்டு மாற்றத்தைவிட அதிகம். இரு விரலால் பிடித்து, கண்ணைத் தரைமட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஊசி நண்டு வளையிலோ மூச்சு வேர்மேலோ விழுந்தால் நகர்த்தாமல் அளந்து, பக்கத்தில் "வளை", "வேர்" என்று எழுதுங்கள். சேர்ப்பதா நீக்குவதா என்பதைப் பிறகு பார்க்கலாம். முடிந்தவரை ஒரே ஆளே அளக்கட்டும்.

அளவுக்கைக்கு மேல் நிற்கும் ஊசியின் நீளத்தை அளக்க மி.மீ. ஸ்கேலும் பென்சிலும் போதும். டிஜிட்டல் வெர்னியரை உப்புநீர் சீக்கிரம் தின்றுவிடும்.

5. கணக்கு. இரண்டு ஆண்டில் அளவுக்கைக்கு மேல் நிற்கும் ஊசி நீளத்தின் சராசரி 212இலிருந்து 218 மி.மீ. ஆனது என்று கொள்வோம்: தரை ஆண்டுக்கு 3 மி.மீ. உயர்ந்திருக்கிறது. பொடிக்கு மேல் 14 மி.மீ. வண்டல் இருந்தால் படிவு ஆண்டுக்கு 7. இடைப்பட்ட 4 மி.மீ., கம்பியின் அடிமுனைக்கும் தரைக்கும் நடுவே மண் அமுங்கியதும் வேர் மக்கியதும். வண்டலை மட்டும் அளந்தவர் காடு நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடுவார்.

36 ஊசியை 36 மாதிரியாக எண்ணாதீர்கள். ஒரு கம்பி ஒரு மாதிரிதான். ஓரிடத்துக்கு மூன்று கம்பி வேண்டும்.

பின்சேர்க்கை: பொடி அடுக்கைப் பார்க்கக் குழாயால் மண்ணெடுத்தால் மென்சேறு நசுங்கி, கனம் குறைத்துக் காட்டும். திரவ நைட்ரஜனால் உறையவைத்து எடுப்பதே நம்பகம். மூன்று முறை எடுத்தும் வெள்ளைக்கோடு தெரியாவிட்டால் அந்தச் சதுரத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் புதிதாகத் தூவித் தேதியை எழுதுங்கள்.