குப்பியில் இருந்த குற்றவாளி

ஓசூர் அருகே நான் பணிபுரியும் திசு வளர்ப்பு ஆய்வகத்தில் (செடியின் சிறு துண்டிலிருந்து கிருமியற்ற பாட்டிலில் நாற்று உருவாக்கும் இடம்), ஜெர்பரா பூச்செடி நாற்றுகள் வளரும் பாட்டில்களில் ஒன்பது நாள்களாகப் பால் போன்ற கலங்கல் தோன்றிக்கொண்டே இருந்தது. முதலில் ஊடகத்தை, அதாவது நாற்று வளரும் சத்துக்கூழைச் சந்தேகித்து, 121 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் மீண்டும் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்தோம். ஆனால் நாற்று வைக்காத பாட்டில்கள் ஒரு வாரம் கழித்தும் தெளிவாகவே இருந்தன. அடுத்து, நாங்கள் நடும் லேமினார் மேசையில் வீசும் காற்றிலிருந்து கிருமிகளைப் பிரிக்கும் ஹெப்பா வடிகட்டியைச் சந்தேகித்தோம். அங்கே அரை மணி நேரம் திறந்து வைத்த அகார் தட்டிலும் (கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் கூழ்த் தட்டு) எதுவும் முளைக்கவில்லை.

பிறகு பாட்டில்களை நட்ட வரிசைப்படி அடுக்கிப் பார்த்தபோதுதான் ஒன்று புலப்பட்டது: ஒவ்வொரு நாளும் முதலில் நட்டவை தப்பின, பின்னால் நட்டவை கெட்டன, கலங்கலும் இடுக்கியின் முனை பட்ட இடத்திலிருந்தே தொடங்கியது. இடுக்கியை நனைக்கும் 70 சதவீத ஸ்பிரிட்டை ஊடகத்தட்டில் சில துளிகள் விட்டு உலரவிட்டோம், இரண்டு நாளில் பாக்டீரியாக் கூட்டங்கள் தோன்றின. ஸ்பிரிட்டில் உள்ள ஆல்கஹால், பாசில்லஸ் வகைப் பாக்டீரியாக்களின் கடினமான வித்துகளைக் கொல்வதில்லை. நாற்றுத் துணுக்குகள் ஒட்டிய இடுக்கி அந்த வித்துகளை ஸ்பிரிட் குப்பியில் சேர்த்துக்கொண்டிருந்தது, நாங்களோ இடுக்கியைச் சுடரில் ஒரு நொடி மட்டுமே காட்டினோம்.

இப்போது சுடருக்குப் பதிலாக, இடுக்கியை 250 டிகிரியில் இயங்கும் கண்ணாடிமணி ஸ்டெரிலைசரில் (சூடான கண்ணாடி மணிகள் நிரம்பிய கிருமிநீக்கி) 20 நொடி வைத்து, ஆறவிட்டுப் பயன்படுத்துகிறோம். ஸ்பிரிட்டைத் தினமும் மாற்றுகிறோம். சுடருக்கருகே திறந்த ஸ்பிரிட் இருந்த தீ அபாயமும் நீங்கியது. அதன்பின் நட்ட பாட்டில்கள் தெளிவாக உள்ளன.