வாடகை மின் ஸ்கூட்டரை பஸ், ரயிலோடு சேர்க்கும்போது நடக்கும் தவறுகள்

ஆப்பில் திறந்து, நின்றபடியே ஓட்டி, போன இடத்தில் விட்டுச் செல்லும் வாடகை மின் ஸ்கூட்டர்கள் 2017-ல் கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் தெருவுக்கு வந்தன. வீட்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே உள்ள ஒன்றிரண்டு கிலோமீட்டரை இவை பார்த்துக்கொள்ளும் என்பது அன்றிலிருந்தே சொல்லப்படும் வாதம். வாதத்தில் பிழையில்லை. வண்டியை இறக்கிவிட்டால் அது தானாக நடந்துவிடும் என்று நம்புவதுதான் பிழை.

ஸ்கூட்டரில் ஏறுபவர் காரை விட்டுவிட்டு வந்தவர் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. பாரிஸில் கேட்டுப் பார்த்தபோது, இது இல்லாவிட்டால் நடந்திருப்போம், மெட்ரோவிலோ பஸ்ஸிலோ போயிருப்போம் என்றவர்கள்தான் அதிகம். நடப்பதற்குப் பதிலாக பேட்டரியைச் செலவழிப்பதைப் பசுமைப் பயணம் என்பது கொஞ்சம் வேடிக்கை.

அதைவிடப் பெரிய ஏமாற்று, கணக்கில் இருக்கிறது. வரைபடத்தில் நிலைய வாசலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் முடியும் சவாரிகளையெல்லாம் ‘ரயில் இணைப்பு’ என்று எழுதிவிடுவார்கள். கடைகளும் அலுவலகங்களும் நிலையத்தைச் சுற்றித்தானே இருக்கின்றன? காபி குடிக்க வந்தவரும் ரயில் பயணி ஆகிவிடுவார். வண்டி எங்கே நின்றது என்பதைத்தான் ஜிபிஎஸ் சொல்லும். ஓட்டி வந்தவர் பிளாட்பாரத்துக்குப் போனாரா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது, முன்பெல்லாம் நிலையத்துக்கு எதில் வந்தீர்கள் என்றும் கேட்க வேண்டும். இணைப்பு பஸ்ஸில் என்றால் ரயிலுக்குப் புதிதாக யாரும் வரவில்லை, பஸ்தான் ஒருவரை இழந்தது. அந்தக் கணக்கைக் காட்டி பஸ்ஸைக் குறைத்தால், கைக்குழந்தையோடு வருபவரும் முழங்கால் வலிக்காரரும் என்ன செய்வார்கள்?

அடுத்தது நிறுத்துமிடம். பஸ்ஸின் சரிவுப் பலகை இறங்கும் இடத்தில் ஒரு ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தால் போதும், சக்கர நாற்காலியில் வந்தவர் இறங்க முடியாது. நிறுத்தத்திலிருந்து சில அடி தள்ளிக் கோடு போட்டு, அதற்குள் விட்டால்தான் சவாரி முடியும் என்று வைக்க வேண்டும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் பல மீட்டர் தவறும் என்பதால் போட்டோவும் கேட்பது நல்லது. நடைபாதை எரிச்சலை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023 ஏப்ரலில் பாரிஸ் நடத்திய வாக்கெடுப்பில் வந்தவர்கள் 8 சதவீதத்துக்கும் குறைவுதான். ஆனால் அவர்களில் ஏறக்குறைய 89 சதவீதம் பேர் வாடகை ஸ்கூட்டர் வேண்டாம் என்றார்கள். செப்டம்பரில் அவை தெருவில் இல்லை.

ஒரே ஆப்பில் எல்லாம் தெரிந்தால் இணைப்பு முடிந்தது என்பதும் சரியில்லை. பெர்லினின் ‘யெல்பி’ ஆப் 2019-லேயே அதைச் செய்தது. ஆனால் ஒரே ஆப் என்பதால் ஒரே கட்டணம் ஆகிவிடாது. பாஸ் வைத்திருப்பவர் திறப்புக் கட்டணமும் நிமிடக் கட்டணமும் தனியாகக் கட்ட வேண்டியிருந்தால், தினமும் ஓட்ட மாட்டார்.

சொந்த ஸ்கூட்டர் வேறு கதை. பேட்டரி தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு, 2021 டிசம்பரிலிருந்து லண்டன் பஸ்களிலும் மெட்ரோவிலும் அதை உள்ளேயே கொண்டுவர முடியாது. அங்கே நிலைய வாசலில் பாதுகாப்பான நிறுத்துமிடம் இல்லையென்றால், அதில் வருபவர் ரயிலில் ஏறவே வழியில்லை.