பெருமந்தம் வந்தால் நாடு எதை முதலில் செய்ய வேண்டும்

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று மும்பை மாட்டுங்காவில் இருக்கிறேன். சாயங்காலங்களில் தாராவிப் பிள்ளைகளுக்கு வங்கித் தேர்வுக்குப் பாடம் எடுக்கிறேன். பொருளாதாரம் என்று ஆரம்பித்தாலே ஒரு கேள்வி வந்துவிடும்: "சார், ஒரு நாடே படுத்துட்டா எப்படி சார் எந்திரிக்கும்?" அப்படி நாடு முழுக்க வியாபாரமும் வேலையும் படுத்துவிடுவதுதான் பெருமந்தம். அதிலிருந்து எழுந்த நாடுகள் இருக்கின்றன. எதை முதலில் செய்தார்கள், எதைத் தள்ளி வைத்தார்கள் என்று பார்த்தால் வழி தெரியும்.

முதல் வேலை வங்கி. நாம் போட்ட பணம் பெட்டிக்குள் இருப்பதில்லை. கடனாக வெளியே போயிருக்கும். எல்லோரும் ஒரே நாளில் எடுக்க ஓடினால் நல்ல வங்கியும் விழும். அமெரிக்காவில் 1930 முதல் 1933 வரை சுமார் 9,000 வங்கிகள் விழுந்தன. 1933 மார்ச் 4 அன்று அதிபராகப் பதவியேற்ற ரூஸ்வெல்ட், இரண்டே நாளில் நாடு முழுக்க வங்கிகளை மூடச் சொன்னார். கணக்குகளைச் சோதித்து, தாங்கக்கூடிய வங்கிகளை மட்டும் 13ஆம் தேதியிலிருந்து திறந்தார்கள். முந்தின இரவு அவரே வானொலியில் எளிய வார்த்தைகளில் நிலைமையை விளக்கினார். வங்கிகள் திறந்ததும் எடுத்த பணத்தைத் திரும்பப் போட மக்கள் வந்தார்கள். வங்கி விழுந்தாலும் போட்டவருக்கு ஒரு வரம்பு வரை பணத்தைத் திருப்பித் தரும் வைப்புக் காப்பீடும் 1934 ஜனவரியில் தொடங்கியது. நம் நாட்டில் கேரளத்தின் பாலா சென்ட்ரல் வங்கி 1960ல் விழுந்தபின், 1962ல் இந்தக் காப்பீடு வந்தது. அன்றைக்கு ஒருவருக்கு வரம்பு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம். மும்பையில் ஒரு கூட்டுறவு வங்கி முடங்கியபோது, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்துக்காக வாசலில் நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்த பயம் தெருவுக்கு வருவதற்கு முன்பே அரசு பேச வேண்டும்.

அப்புறம் பணம் சுழல வேண்டும். மந்தம் என்ன செய்யும் என்று 2020ல் தாராவியில் கண்கூடாகப் பார்த்தோம். தோல்பை பட்டறைக்கு ஆர்டர் நின்றது. ஜிப்பும் நூலும் விற்கும் கடையில் வியாபாரம் இல்லை. பட்டறைப் பையன்கள் சாப்பிடும் மெஸ்ஸில் அடுப்பு அணைந்தது. மெஸ்ஸுக்குக் காய்கறி போட்ட அக்காவுக்கு வருமானம் போனது. ஒருவர் செலவுதான் இன்னொருவர் வரும்படி. எல்லோரும் கையை இறுக்கிக்கொள்ளும்போது, செலவு செய்யத் தெம்பு உள்ள ஒரே ஆள் அரசுதான். கடன் வாங்கியாவது அது செலவு செய்ய வேண்டும். கையில் வந்ததும் அரிசியும் எண்ணெயும் வாங்கப் போகிறவர்களுக்கே அந்தப் பணம் முதலில் போக வேண்டும். 1972ல் மகாராஷ்டிரத்தில் கடும் வறட்சி வந்தபோது சாலை போடுவது, குளம் வெட்டுவது என்று கூலி வேலை கொடுத்தார்கள். அதுதான் பிறகு மாநிலத்தின் வேலை உறுதிச் சட்டமானது; 2005ல் நாடு முழுமைக்குமான சட்டத்துக்கும் முன்மாதிரியானது.

கைகட்டி நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த ஊரே சாட்சி. 1930களில் விளைபொருள் விலை பாதியாக விழுந்தது. வெள்ளைக்கார அரசோ ரூபாயின் மதிப்பை இறக்காமல் ஆங்கிலேயர் நாணயத்தில் 18 பென்ஸிலேயே கட்டி வைத்து, செலவையும் குறைத்தது. கடனும் வரியும் கட்ட முடியாத விவசாயிகள் நகையை விற்றார்கள். 1931லிருந்து அந்தத் தங்கம் பம்பாய்த் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறியது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் கோபம் வரும்.

ஆட்களைக் கலைய விடக் கூடாது. ஜெர்மனியில் வேலை நேரம் குறைந்தால், இழந்த கூலியில் 60 சதவீதம், பிள்ளை உள்ளவர்களுக்கு 67 சதவீதம், வேலையின்மைக் காப்பீட்டு நிதியிலிருந்து வரும். 2009ல் அது பல லட்சம் பேரை வேலையிலேயே வைத்திருந்தது. இங்கே 2020ல் கைத்தொழில் தெரிந்த பையன்கள் திருநெல்வேலிக்கு ரயில் ஏறிவிட்டார்கள். ஆர்டர் திரும்பியபோது தைக்க ஆள் இல்லை.

டாலர் கடனில் மாட்டிய நாட்டுக்கு மட்டும் வரிசை கொஞ்சம் மாறும். ரூபாயை அச்சடிக்கலாம், டாலரை அச்சடிக்க முடியாது. 1991ல் நாம் டாலருக்காகச் சுமார் 47 டன் தங்கத்தை அடமானம் வைத்தோம். 2022ல் இலங்கை வெளிக்கடனைக் கட்ட முடியாமல் நின்றது. அப்படி மாட்டிய நாடு முதலில் கடன் கொடுத்தவர்களோடு பேசித் தவணையை மாற்ற வேண்டும். அப்போதும் ரேஷனை வெட்டக் கூடாது.

கடைசிக் கேள்வி, எப்போது நிறுத்துவது. அமெரிக்கா 1937ல் சரியாகிவிட்டது என்று நினைத்து அரசுச் செலவைக் குறைத்தது, வங்கிகள் கடன் கொடுப்பதையும் இறுக்கியது. அடுத்த வருடமே வேலையில்லாதோர் மறுபடியும் பெருகினார்கள். பங்குச்சந்தையைப் பார்த்து முடிவெடுக்கவும் கூடாது. 2020 மார்ச்சில் 26,000க்குக் கீழே போன சென்செக்ஸ் பங்குக் குறியீடு டிசம்பர் முடிவில் 47,000ஐத் தாண்டியிருந்தது. அப்போதும் தாராவியின் 90 அடி சாலைப் பக்கம் பல பட்டறைகளுக்குப் பழைய ஆர்டர் திரும்பவில்லை. பட்டறைக்காரர் புதுப் பையனைச் சேர்க்கிறாரா, மெஸ் நோட்டில் பாக்கி குறைகிறதா என்று பாருங்கள். அரசுக்கு இதையே கூலிக் கணக்காகவும் வேலைக் கணக்காகவும் எடுத்துத் தர ஆட்கள் உண்டு. அந்த எண்கள் சில காலாண்டுகள் தொடர்ந்து ஏறிய பிறகு செலவைக் குறைக்கலாம். பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்த சலுகையை முதலில் எடுக்கட்டும்; கூலி வேலையையும் ரேஷன் அரிசியையும் எல்லாவற்றுக்கும் கடைசியில் தொடட்டும்.