ஜிஎஸ்எம் கணக்கில் இசட் மதிப்பு காலை வாரிய இடம்

திருப்பூர் பின்னல் துணிக்கு 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) கேட்டு, 5 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்றால் 171 முதல் 189 வரை செல்லும். வட்டக் கட்டரில் வெட்டிய துண்டு 100 சதுர சென்டிமீட்டர். கிராம் எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம்.

சராசரி 177, திட்ட விலக்கம் (அளவுகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) 4 என்று வைத்துக்குங்க. ஒரு அளவு சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி இருக்கிறது என்பதே இசட். 171-க்கு இசட் = (171 − 177) ÷ 4 = −1.5. நான் சறுக்கியது இங்கேதான். மணி வடிவ இயல்நிலை வளைவின் இசட் அட்டவணையில் 1.5-க்கு நேராக இருந்த 0.4332-ஐ அப்படியே கழிவு (எல்லைக்கு வெளியே போகும் துணி) என்று எடுத்துவிட்டேன். 43 சதவீதம் கழிவு போனால் கம்பெனியைப் பூட்ட வேண்டியதுதான்!

அந்த அட்டவணை நடுக்கோட்டிலிருந்து இசட் வரையுள்ள பரப்பைத் தருவது. வளைவின் பாதிப் பரப்பான 0.5-இலிருந்து கழித்தால் 0.0668, அதுதான் 171-க்குக் கீழே போவது. எந்த அட்டவணை என்று அறிய இசட் 0-க்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்க: 0 என்றால் நடுவிலிருந்து, 0.5-இல் தொடங்கி ஏறிக்கொண்டே போனால் இடக்கோடியிலிருந்து.

மேல் எல்லை 189-க்கு இசட் 3. அதைத் தாண்டுவது 0.0013. மொத்தக் கழிவு 6.8 சதவீதம், பெரும்பாலும் எடை குறைந்த துணி. லூப் (பின்னலின் ஒரு கண்ணி) நீளத்தைக் கொஞ்சம் குறைத்துச் சராசரியை 180-க்குக் கொண்டுவந்தால், விலக்கம் அதே 4 ஆக இருந்தாலும், இருபக்கமும் இசட் 2.25, கழிவு 2.4 சதவீதம்தான்.

ஐந்து துண்டுகளின் சராசரியை வைத்துப் பார்க்கிறவர்கள் 4-ஐ √5-ஆல் வகுக்கணும், சுமார் 1.79. இரண்டு மெஷின் துணியைக் கலந்து அளந்தால் வளைவில் இரண்டு திமில் வரலாம். அங்கே இந்த அட்டவணை செல்லாது.